சிப்பி ஓடு வயலுக்கா, களப்புக்கா?

காலபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் வேளையில், கரையோரக் கிராமங்களிலுள்ள கமக்காரர் பலர் கேட்கும் வினா ஒன்றுண்டு. களப்புக் கரையிற் குவிந்து கிடக்கும் சிப்பி ஓடுகளையும் மட்டி ஓடுகளையும் அள்ளிவந்து, நொறுக்கியோ சுட்டோ வயலிலும் தோட்டத்திலும் இட்டாற் பயிருக்கு நன்மை உண்டாகாதா என்பதே அவ்வினா. ஓடு என்பது சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணுக்கு நல்லது. விலையின்றிக் கிடைப்பதை ஏன் விடவேண்டும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் பெரும்பாலான காணிகளுக்கு இது பொருந்துவதன்று. அதே ஓட்டுக்குக் களப்பிலே ஒரு வேலை இருக்கின்றது. அந்த வேலையை வேறொரு பொருளாற் செவ்வனே செய்விப்பது கடினம். இவ்விரண்டையும் விளக்குதலே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஓட்டில் உள்ளது யாது?

சிப்பி ஓட்டின் நிறையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேற்பட்டது கல்சியங் காபனேற்று எனப்படும் சுண்ணாம்புப் பொருளாகும். சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் இதே பொருளால் ஆனவையே. ஓட்டைக் காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 பாகை சதம வெப்பத்திற் சுட்டால் அதிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு வெளியேற, நீறாத சுண்ணாம்பு எஞ்சும். 100 கிலோ தூய ஓட்டைச் சுட்டாற் கிடைப்பது 56 கிலோ மட்டுமே. மிகுதி வானத்திற் கலந்துவிடும். விறகுச் செலவு வேறு. இதனை நீர் தெளித்து நீற்றினால், சுவருக்குப் பூசுவதும் வெற்றிலைக்கு இடுவதுமான சுண்ணாம்பு கிடைக்கும். வெற்றிலைக்கு வேண்டிய சிறிதளவைப் பற்றி இங்கு எவரும் தடை சொல்லவில்லை. ஏக்கர்க் கணக்கிலே கொட்டுவதைப் பற்றியதே நமது பேச்சு.

நொறுக்கிய ஓட்டுக்கும் சுட்ட சுண்ணாம்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நொறுக்கிய ஓடு புளிப்பான மண்ணிலே மட்டும் மெல்லக் கரையும். புளிப்பற்ற மண்ணிற் பல ஆண்டுகள் கிடந்தாலும் ஓடாகவே கிடக்கும். சுட்ட சுண்ணாம்போ உடனே வேலை செய்யும். கண்ணையும் கையையும் எரிக்கும். முளைவிடும் விதையையும் கெடுக்கும்.

நம் மண் சுண்ணாம்பைக் கேட்கின்றதா?

சுண்ணாம்பு இடுதலின் முதல் நோக்கம் மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, நீக்குதலாகும். அமிலத்தன்மையைப் பீ.எச். எண்ணால் அளப்பர். அவ்வெண் 7 ஆயின் மண் நடுநிலையானது, 7க்குக் குறைந்தால் அமிலம், கூடினாற் காரம். வன்னியின் மேட்டுக்காணிகளிற் பரந்து காணப்படுவது செங்கபில நிற மண். அதன் பீ.எச். எண் பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடைப்பட்டு நிற்கும். அம்மேட்டின் அடிவாரத்திலே, குளத்து நீர் பாயும் தாழ்ந்த வயல்களில், அது 7ஐத் தாண்டுவதும் உண்டு. நெல்லும் மிளகாயும் கத்தரியும் வெண்டியும் விரும்பும் நிலை 6 முதல் 7 வரையே. ஆகவே நமது மண்ணிற் பெரும்பகுதி தானாகவே வேண்டிய இடத்தில் நிற்கின்றது. அதை மேலே தள்ளுவதால் வரவு ஒன்றுமில்லை.

அமில மண்ணுள்ள இடங்களில் நிலைமை வேறு. கேரளத்துக் குட்டநாட்டிலே கடல்மட்டத்துக்குக் கீழுள்ள வயல்கள் பல. அங்குள்ள கரிநிலம் என்னும் கந்தகப் புளிப்பு மண்ணின் பீ.எச். எண் சில இடங்களில் 4க்கும் கீழே இறங்கிவிடும். இரும்பு மிகுந்து நெல்லின் வேர் கெடும். வேம்பநாட்டுக் காயலின் கறுத்த மட்டி ஓட்டைச் சுட்டு, அச்சுண்ணாம்பை வயலிலிடுவது அங்கு நெடுங்கால வழக்கம். அவர்களுக்கு அது மருந்து. நமது நாட்டிலும் மாத்தறைப் பகுதியில், நில்வளா கங்கைப் படுகையை வெள்ளத்திலிருந்து காக்க நீரை இறைத்து வடித்தபின், வயல்களிற் புளிப்புக் கிளம்பிய வரலாறு உண்டு. நுவரெலியா மாவட்ட மரக்கறித் தோட்டங்களுக்கும் சுண்ணாம்பு வேண்டும். நோய் இல்லாதவன் அயலவனின் மருந்தை உண்ணுதல் போன்றதே குட்டநாட்டு வழக்கத்தை நாம் பின்பற்றுதல்.

நெல் வயலைப் பற்றி இன்னுமொன்று கூறல்வேண்டும். நீர் நிறுத்திய வயலிலே மண்ணுக்குள் ஒட்சிசன் குறைகின்றது. அதனால் உண்டாகும் மாற்றங்கள் சில வாரங்களுள் அமில மண்ணின் பீ.எச். எண்ணை மேலே உயர்த்தும். கார மண்ணின் எண்ணைக் கீழே இறக்கும். இரண்டும் 7ஐ நெருங்கிவரும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய நமது நாட்டு மண்ணியல் அறிஞர் பொன்னம்பெரும, நீர் நின்ற மண்ணின் இரசாயனம் பற்றி 1972இல் வெளியிட்ட விரிவான ஆய்வுக் கட்டுரையில் இதை எடுத்துக் காட்டினார். நீரே செய்யும் வேலைக்கு ஓட்டை வண்டியிலேற்றி வருவானேன்?

கிணற்று நீர் பாய்ச்சும் தோட்டக்காரர் தம் வீட்டுக் கேத்தலின் உட்புறத்தைப் பார்க்கலாம். நீர் கொதித்த இடத்தில் வெண்படை படிந்திருந்தால், அந்நீரிற் சுண்ணாம்பு கரைந்துள்ளது என்பது பொருள். சுண்ணாம்புக் கணக்கில் லீற்றருக்கு 200 மில்லிகிராம் கொண்ட நீரை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறத்தாழ 1,03,000 லீற்றர். அதனுடன் ஏறக்குறைய 20 கிலோ சுண்ணாம்புப் பொருள் நிலத்திற் சேரும். பத்து அங்குல நீர் பாய்ச்சினால் 200 கிலோ, அதாவது ஏறத்தாழ நான்கு அந்தர். இவ்வாறு ஒவ்வொரு போகமும் கிணறே சுண்ணாம்பு இடுகின்றது.

வேண்டாத சுண்ணாம்பு வீண் செலவோடு நிற்பதில்லை. பீ.எச். எண் உயர உயர, மண்ணிலுள்ள நாகம், இரும்பு, மங்கனீசு, பொசுபரசு ஆகியவை பயிர் எடுக்கமுடியாத நிலையை அடைகின்றன. நெல்லில் முதலிற் புலப்படுவது நாகக் குறைபாடு. விதைத்து அல்லது நட்டு இரண்டு முதல் நான்கு வாரத்திலே கீழிலைகளிற் துருநிறப் புள்ளிகள் தோன்றும். இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளிறும். வயல் ஒரே சீராக நில்லாது திட்டுத்திட்டாகக் குன்றிக் காணப்படும். இதை நோயென்று கருதி மருந்தடிப்போர் உளர். தோட்டப்பயிரில் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்குமாயின் இரும்புக் குறைபாட்டை ஐயுறல்வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒருங்கே இடுதல் மிகவும் கேடானது. யூரியாவின் நைதரசன் அமோனியா வாயுவாக மாறிக் காற்றோடு போய்விடும். அமோனியம் சல்பேற்றுடன் கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி உடனே எழும். அந்நெடி கமக்காரனின் காசு பறந்துபோகும் நெடியாகும்.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதைக் கண்டு, கல்சியம் குறைவென்று ஓட்டுத்தூளை இடுவோரும் உளர். அழுகலுக்குக் கல்சியம் காய்க்குச் சேராமையே காரணம் என்பது மெய்யே. ஆனால் நமது மண்ணிற் கல்சியம் பெரும்பாலும் போதிய அளவில் உண்டு. நாலு நாள் காயவிட்டு ஒரு நாள் மூழ்கவிடும் நீர்ப்பாய்ச்சலால் அது செடிக்குள் ஒழுங்காக ஏறுவதில்லை. வைக்கோல் மூடுபடையும் அளவான தொடர் நீரும் இதைத் திருத்தும், ஓட்டுத்தூள் திருத்தாது.

பூநகரிப் பகுதியில் உப்பேறிய வயலுடையோர் தனியாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. களப்போர ஓட்டிலே உப்பு ஒட்டியிருக்கும். அதை வயலிலிடுவது உப்பின்மேல் உப்பிடுவதாகும். உப்பைக் கழுவ நல்ல நீரும் ஒழுங்கான வடிகாலும் வேண்டும். சோடியம் ஏறி இறுகிய கார மண்ணுக்கு ஜிப்சமே உதவும். அத்தகைய மண்ணில் ஓடு கரையாது. ஏ.டி. 354 போன்ற உப்பைத் தாங்கும் நெல்லினங்களைப் பற்றியும் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

விதிவிலக்கு இல்லாமலில்லை. கரையோர மணற்பாங்கான காணிகளிலே பல்லாண்டு அமோனியம் சல்பேற்று இட்டுவந்த தோட்டங்களில் புளிப்பு ஏறியிருக்கக்கூடும். மண் பரிசோதனையில் 5.5க்குக் குறைந்த எண் கண்டால் சுண்ணாம்பு இடுவது தக்கதே. அப்போதும் மாத்தளை முதலிய உள்நாட்டுப் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் தொலமைற்று கடைகளிற் கிடைக்கின்றது. அதில் மக்னீசியமும் சேர்ந்திருப்பதால் அதுவே மேலானது. முட்டையிடும் கோழிகளுக்கு நொறுக்கிய ஓடு நல்ல தீனிச்சேர்க்கை. வீட்டுக்கோழிகளுக்கு ஒரு சிறு கடகம் ஓடு பல மாதத்துக்குப் போதும்.

சிப்பி ஏன் ஓட்டைத் தேடுகின்றது?

இனிக் களப்பின் பக்கம் வருவோம். உண்ணத்தக்க பாறைச் சிப்பி தன் முட்டையையும் விந்தையும் நீரிலே விடுகின்றது. அதிலிருந்து பிறக்கும் நுண்ணிய குடம்பி இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்து திரியும். பின்னர் அது இருக்க இடம் தேடும். சேறும் மணலும் அதற்கு ஆகா. வன்மையான ஓரிடம் வேண்டும். கல்லிலும், பாலத் தூணிலும், கண்டல் மரத்தின் வேரிலும் அது ஒட்டும். எல்லாவற்றிலும் அது விரும்புவது மற்றொரு சிப்பியின் ஓட்டையே. ஒருமுறை ஒட்டியதும் தன்னைச் சீமெந்திட்டதுபோற் பதித்துக்கொள்ளும். சாகும்வரை அவ்விடத்தை விட்டு நகராது. தாயின் ஓட்டிற் பிள்ளை, அதன் ஓட்டிற் பேரப்பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக ஏறியமைவதே சிப்பித்திட்டு. ஆதலால் உயிருள்ள சிப்பியை எடுப்பது ஒரு விளைச்சலை எடுப்பது. ஓட்டையும் சேர்த்து எடுத்துச் செல்வது நாற்றுமேடையையே அகழ்ந்து செல்வது.

அத்திட்டின் இடுக்குகளில் இறாற் குஞ்சும் நண்டும் சிறு மீனும் ஒளிந்து வளர்கின்றன. சிப்பியின் உணவு நீரிலுள்ள நுண்பாசி. அது நீரை உள்ளிழுத்து, பாசியையும் மண்துகளையும் வடித்தெடுத்து, தெளிந்த நீரை வெளியே விடுகின்றது. அமெரிக்காவின் கிழக்குக்கரைச் சிப்பி மிகச் சாதகமான நிலையில் ஒரு நாளில் 190 லீற்றர் வரை வடிக்கும் என்பர். இஃது உச்சக் கணக்கு; வழமையில் அதனினும் குறைவே. குறைத்துக் கணக்கிட்டாலும், ஒரு திட்டிலுள்ள ஆயிரக்கணக்கான சிப்பிகள் சேர்ந்து செய்யும் வேலை பெரிது.

மன்னார்ப் பார்களிற் கண்டது

ஓட்டை மீண்டும் கடலிலிடுதல் வெளிநாட்டார் அண்மையிற் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் இருக்கலாம். நமது அயல் மாவட்டத்தின் வரலாறே அதை மறுக்கின்றது. மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பிப் பார்கள் பல ஆண்டு பலனளிக்காது போனமையால், அரசினர் லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் ஹேர்ட்மனை அழைப்பித்தனர். அவர் 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னெல் என்பவருடன் வந்து பார்களை ஆராய்ந்தார். முத்துச்சிப்பி பாறைச் சிப்பியைப்போற் பதிந்துகொள்வதில்லை. நார்களால் தன்னைக் கட்டிக்கொள்ளும். எனினும் அதற்கும் வன்மையான தளம் இன்றியமையாதது.

பெரிய பார் என்னும் பரந்த பாரில் அவ்வாண்டு மார்ச்சு மாதம் எண்ணிலடங்காத இளஞ்சிப்பிகள் காணப்பட்டன. நவம்பரில் ஹோர்னெல் மீண்டும் சென்று பார்த்தபோது அவை அங்கில்லை. இடையில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்று, அடிமணலைக் கிளறி அவற்றை மூடியும் வாரியும் சென்றுவிட்டது. 1880ஆம் ஆண்டுக்குப் பின்னர் அதே பாரிற் குறைந்தது பதினொரு தடவை இளஞ்சிப்பி படிந்தும் ஒருமுறையேனும் குளிப்புக்கு விளையவில்லை என ஹேர்ட்மன் எடுத்துரைத்தார். விதை குறைவதாற் பயிர் பொய்ப்பது வேறு, விதைத்த நிலம் வழுவிப்போவதாற் பொய்ப்பது வேறு என்பதைக் கமக்காரருக்கு விளக்கவேண்டியதில்லை. அவர் கூறிய பரிகாரம் இரண்டு. கேடான பாரிலுள்ள இளஞ்சிப்பியை அள்ளி நல்ல பாரில் நடுதல் ஒன்று. கடலடியில் ஓடு, கல், உடைந்த முருகைக்கல் முதலியவற்றைப் பரப்பி இளஞ்சிப்பி பற்றுவதற்குத் தளம் அமைத்தல் மற்றொன்று.

1905ஆம் ஆண்டுக் குளிப்பிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேற்றப்பட்டன. அடுத்த ஆண்டு பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின்னர் 1925 வரை குளிப்பே நடைபெறவில்லை. இதற்கு ஓட்டை அகற்றியது மட்டுமே காரணம் என்று கூறுதல் தவறு. காற்றும் நீரோட்டமும் திருக்கை முதலிய மீன்களும் பங்குடையன. ஆயினும் கோடிக்கணக்கான ஓடுகள் கரையிற் குவிந்து மக்கியதையும், கடலடியில் இளஞ்சிப்பி தளம் தேடியதையும் ஒருங்கே எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஹோர்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்பிடிப் பகுதியிற் சேர்ந்து, பழவேற்காட்டு ஏரியில் உண்ணும் சிப்பியை வளர்க்க முயன்றார். 1970களில் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அவ்வேலையைச் செம்மைப்படுத்தினர். சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளையும், துளையிட்டுக் கம்பியிற் கோத்த பழைய சிப்பி ஓடுகளையும் நீரிலே தொங்கவிட்டு இளஞ்சிப்பி பிடித்தனர். நமது நாட்டில் புத்தளம் களப்பருகே, கலாஓயா கடலிற் சேரும் கங்கேவாடியில் உண்ணும் சிப்பி வளர்க்கப்பட்டுள்ளது.

சுண்ணாம்புக்காகத் திட்டை இழந்தோர்

உலகிலிருந்த சிப்பித்திட்டுகளில் நூற்றுக்கு 85 பங்கு அழிந்துவிட்டதென 2011இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அழிவுக்கு உணவாசை ஒன்றே காரணமன்று. சுண்ணாம்புக் காளவாயும் காரணம். அவுஸ்திரேலியாவிற் குடியேறியோர் கட்டடச் சாந்துக்காகச் சிப்பித்திட்டுகளை வெட்டிச் சுட்டனர். செத்த ஓடு தீர்ந்ததும் உயிருள்ள சிப்பியையே காளவாயில் இட்டனர். நியூ சவுத் வேல்சு அரசு 1868இற் சட்டமியற்றி அதைத் தடுக்கவேண்டியதாயிற்று. இன்று அந்நாட்டு மெல்பேண் நகரையடுத்த குடாவில், உணவுச்சாலைகளிற் கழித்த ஓட்டைச் சேர்த்து மீண்டும் கடலில் இடுகின்றனர்.

அமெரிக்காவின் செசபீக் குடாவில் இவ்வேலை பெரிய அளவில் நடைபெறுகின்றது. உணவுச்சாலைகளிலிருந்து சேர்க்கும் ஓட்டை ஓராண்டளவு வெயிலிலும் மழையிலும் கிடத்தி, ஊன் முற்றாக நீங்கியபின் கழுவுகின்றனர். பின்னர்த் தொட்டியிலிட்டுச் சிப்பிக் குடம்பிகளை ஒட்டச்செய்து, கடலடியிற் பரப்புகின்றனர். அங்கு ஹாரிஸ் கிறீக் என்னும் ஒரு கிளையில் மட்டும், 2015இல் நிறைவெய்திய வேலையில், 350 ஏக்கர்ப் பரப்பில் 200 கோடிக்கு மேற்பட்ட இளஞ்சிப்பிகள் இடப்பட்டன. நாம் இத்துணைச் செலவு செய்யப்போவதில்லை. இருப்பதை அள்ளாமல் விடுவது செலவற்றது என்பதற்காகவே இதைக் கூறினோம்.

முருகைக்கல் விடயத்தில் நம் நாடே பாடம் கற்றது. தென்மேற்குக் கரையிற் பல்லாண்டு முருகைக்கல்லை உடைத்துச் சுண்ணாம்பு சுட்டனர். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டமும் அதன் திருத்தங்களும் அதைத் தடைசெய்தன. 2004 திசம்பர் ஆழிப்பேரலையின்போது, முருகைக்கல் அகழப்பட்ட பெரலியவிற் கடல் வெகுதூரம் ஏறியது. பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையிற் சேதம் குறைவாயிருந்தது. 2005இல் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினர். அவ்வலையில் முல்லைத்தீவு இழந்ததை நாம் அறிவோம். சிப்பித்திட்டு ஆழிப்பேரலையைத் தடுக்குமென எவரும் நம்பிவிடலாகாது. நாள்தோறும் கரையை அரிக்கும் சிற்றலையைத் தணிக்கவே அது உதவும்.

நமது களப்புகளில் எதைச் செய்யலாம்?

சுண்டிக்குளம், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகளின் தன்மை மேற்கூறிய நாடுகளின் குடாக்களைப் போன்றதன்று. மாரியில் ஆறுகள் பெருகிக் களப்பு ஏறக்குறைய நன்னீராகும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்க, நீர் வற்றி உப்புக் கடலினும் மிகும். பாறைச் சிப்பி உப்பின் ஏற்றத்தாழ்வைப் பெரிதும் தாங்குமாயினும், வாரக்கணக்கில் நன்னீர் நின்றால் இறந்துபோம். ஆதலால் லொறி லொறியாக ஓட்டைக் கொண்டுபோய்க் கொட்டுவது அறிவுடைமையன்று. சேற்றிற் கொட்டிய ஓடு ஒரே மாரியிற் புதைந்துவிடும்.

முதலில், சிப்பி இயற்கையாக ஒட்டியிருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளல்வேண்டும். கண்டல் வேரிலும் பாலத் தூணிலும் சிப்பி உள்ள இடத்திலே குடம்பியும் உண்டு. அங்கு குறைவது தளமே. அவ்விடத்தில் ஐந்தாறு பழைய ஓடுகளைத் துளையிட்டுக் கம்பியிற் கோத்து, ஒரு தடியிற் கட்டித் தொங்கவிட்டு, மூன்று வாரத்துக்கொருமுறை பார்க்கலாம். பருப்பளவான தட்டையான வட்டங்கள் ஓட்டின் உட்புறத்திற் காணப்படுமாயின் அவையே இளஞ்சிப்பிகள், அழுக்கென்று உரசிவிடக்கூடாது. மாதம் மாறி மாறி ஓராண்டு இவ்வாறு பார்த்து, மாரியைக் கடந்து எவை உயிரோடிருக்கின்றன என்று கண்டபின்னரே அடுத்த படி. பயிருக்கு மண் பரிசோதனை எப்படியோ, சிப்பிக்கு இது அப்படி.

இடும் ஓடு குறைந்தது ஆறு மாதம், கூடுமாயின் ஓராண்டு, வெயிலிற் காய்ந்ததாயிருத்தல் வேண்டும். ஊன் ஒட்டிய பச்சை ஓட்டை வேறொரு களப்பிலிருந்து கொணர்ந்து இடுதல் நோயைக் கொணர்தலாகும். சுட்ட சுண்ணாம்பைக் களப்பிற் கொட்டுதல் மீனைக் கொல்லும். நமது பகுதியிற் சிப்பி ஓட்டினும் மட்டி ஓடே மிகுதி. அது சிறிதாதலால் வலைப்பையிற் கட்டி, தடிகளின்மேல் சேற்றுக்கு மேலாக நிற்கும்படி வைத்தல் நன்று.

இதைத் தனியொருவர் தம் எண்ணப்படி செய்தல் ஆகாது. சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயமாயிருந்து 2015இல் தேசிய பூங்காவாயிற்று. கொக்கிளாய் 1951 முதல் சரணாலயம். நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இவ்விடங்களில் ஓட்டை எடுப்பதற்கும் இடுவதற்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிற இடங்களிற் கரையோரம் பேணற் பகுதியினரையும் கடற்றொழிற் பகுதியினரையும் கலந்துகொள்ளல்வேண்டும். கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் ஒருங்கே விண்ணப்பித்தலே முறை. வலை வீசும் பாட்டில் தடி நட்டு அயலாரோடு பகை தேடலாகாது.

மற்றுமோர் எச்சரிக்கை. 2009இல் முடிவுற்ற போரின்போது இக்களப்புகளின் கரைகள் போர்க்களமாயிருந்தன. வெடிபொருள் அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத எவ்விடத்திலும் ஓட்டுக்காக மண்ணைத் தோண்டுதல் உயிருக்கு ஆபத்தாகும். பிள்ளைகளை ஓடு பொறுக்க அனுப்புவோர் இதை மறக்கக்கூடாது.

வயலிலிருந்து இறங்கும் நீர்

வவுனியாவிலுள்ள கமக்காரர் இவ்வளவும் படித்துவிட்டு, களப்பு நமக்கு வெகுதூரமன்றோ எனக் கூறலாம். கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்திற் பிறந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, சுண்டிக்குளம் களப்பிற் சேர்கின்றது. பேராறு வவுனியா வடக்கிலெழுந்து, முத்தையன்கட்டு வழியாக நந்திக்கடலை அடைகின்றது. ஓமந்தை வயலில் வாய்க்காலோடு விட்ட மண்ணும் யூரியாவும் ஒருநாள் களப்பைச் சேர்ந்தே தீரும்.

ஓடியிறங்கும் நைதரசன் களப்பிற் பாசியைப் பெருக்கும். சிப்பி உள்ள அளவுக்கு அதை உண்ணும். மிஞ்சியது இறந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். கோடையில் நீர் குறைந்திருக்கையில் மீன்கள் இறந்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மண்துகளோ இளஞ்சிப்பியை உயிரோடு மூடிவிடும். ஓட்டைக் களப்பிலிட்டு, மேலிருந்து சேற்றையும் விடுவதாயின் அவ்வேலை தொடங்காதிருத்தலே நலம்.

ஆகவே யூரியா இட்டபின் நாலைந்து நாட்களாயினும் வயல்நீரை வடியவிடாது வரம்பை அடைத்து வைத்தல் வேண்டும். பெருமழை வரும் அறிகுறி இருந்தால் உரமிடுதலைத் தள்ளிப்போடல் வேண்டும். உழுது மட்டப்படுத்திய கலங்கல் நீரைத் தெளியவிட்டே வெளியேற்றல் வேண்டும். விசிறுகருவியை வாய்க்காலிற் கழுவலாகாது. வடிகாற் கரையிலே ஒரு முழ அகலத்துக்குப் புல்லை விட்டுவைத்தால் அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இவற்றாற் பயனடைவது களப்பு மட்டுமன்று. இட்ட உரம் வயலிலே நிற்கும்.

சென்ற போகத்தில் ஓட்டுச் சுண்ணாம்பு இட்டவர்கள் அதைத் தொடராது, முதலில் மண்ணைப் பரிசோதித்தல் நன்று. அறுவடை முடிந்தபின், உரமிடாத நிலையில், காணியின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மண்ணை எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தவேண்டும். நெல் வயலில் ஆறு அங்குல ஆழம் வரை எடுத்தல் போதும். அதில் ஒரு கிலோவளவைத் தூய பையிலிட்டு, காணியின் பெயரையும் கடைசியாக இட்ட உரத்தையும் எழுதிச் சேர்த்து, கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கலாம். அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணின்மேல் வினாகிரி சில துளி விடுங்கள். நுரைத்துச் சீறினால் அம்மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு உண்டு; அக்காணிக்கு ஓடு வேண்டாம். நுரைக்காவிட்டால் அதனாலேயே சுண்ணாம்பு வேண்டுமென்று முடிவுகட்டாது, பரிசோதனை முடிவு வரும்வரை பொறுத்திருக்க.